எரிவாயுவுக்கு நாற்றம் வந்த கதை



சென்ற ஆண்டில் ஒரு நாள். பள்ளி முடிந்து வீடு திரும்பி, வாசலில் காலணியைக் கழற்றும்போதே நாற்றம் மூக்கைத் தாக்கியது. அழுகிய முட்டைக்கோசும் பழம்பூண்டும் கலந்தாற்போன்ற அந்த நாற்றத்தை அறியாதார் இல்லை. உள்ளே ஓடினேன். குசினியில் அம்மா முக்காலியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பால் பொங்கி வழிந்து அடுப்பின் தீயை அணைத்திருந்தது. குமிழ் மட்டும் திறந்தபடியே இருந்தது.

"என்னம்மா, இன்னைக்குச் சீக்கிரமா வந்துட்ட?" என்று கேட்டார், ஒன்றும் அறியாதவராய்.

அம்மாவுக்கு வயது 74. 2021ஆம் ஆண்டில் கோவிட் தொற்றிலிருந்து உடல் தேறியது. மணம் அறியும் திறன் மட்டும் திரும்பவில்லை. ரசத்தில் பெருங்காயம் போட்டாயிற்றா என்று என்னிடம் கேட்பார். நாங்களும் அதை ஒரு வேடிக்கையாகவே எண்ணிக் காலம் கடத்திவிட்டோம். பால் பொங்குவது நமக்கு மங்கலம். அன்றைக்கு மட்டும் அப்படி எண்ணத் தோன்றவில்லை.

குமிழை மூடி, அம்மாவை வாசலுக்கு அழைத்துச் சென்றேன். பிறகு தோம்பின் வாயிலுள்ள அடைப்பானை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டேன். மின்விசிறியைப் போட்டால் நாற்றம் விரைவில் நீங்குமே என்று என் கை தானாகவே சுவரிலிருந்த விசையை நோக்கிப் போயிற்று. எப்போதோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்ததால் பாதி வழியில் கையை இழுத்துக்கொண்டேன். அச்செய்தி ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது.

மறுவாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிய கட்டுரைப் பயிற்சி. எரிவாயுவுக்கு இயல்பாக நாற்றமே இல்லை, அது நாமாகச் சேர்ப்பது என்று சொன்னேன். உடனே ஒரு மாணவன் எழுந்தான்: "அப்படின்னா யாரு டீச்சர் அதுல நாத்தத்தைக் கலந்தது?" அன்று அவனுக்குப் பாதி விடைதான் கூற முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். 1980களில் எங்கள் வீட்டின் பின்புறம் மண் பூசிய விறகடுப்பு இருந்தது. அவசரத்துக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. விறகடுப்புக்கு ஒரு நற்குணம் உண்டு. கோளாறு எதுவாயினும் புகைந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். எரிவாயுவின் தொடக்கக் காலமும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது.

முதலில் வந்தது நிலக்கரியைச் சூடேற்றி எடுத்த வாயு. இங்கிலாந்தின் நார்த்தாம்டன் நகரில் எரிவாயு நிலையத்தில் பணியாற்றிய ஜேம்சு சார்ப்பு என்பவர் 1826இல் எரிவாயு அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலத்து மக்கள் எரிவாயுவை விளக்குக்கே உரியதாகக் கருதினர். நம் வட்டாரத்திலும் அவ்வாறே. சிங்கப்பூரின் காலாங் எரிவாயு ஆலை 1862இல் தோன்றியது தெருவிளக்குகளுக்காகத்தான். 1864ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், விக்டோரியா பேரரசியின் பிறந்தநாளன்று, அவ்விளக்குகள் முதன்முறையாக ஏற்றப்பட்டன. சுற்றுவட்டாரச் சீனர்கள் அவ்விடத்தை ஹொக்கியன் மொழியில் 'நெருப்பு நகரம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆலை 1998இல் மூடப்பட்டது.

நிலக்கரி வாயுவில் கந்தகச் சேர்மங்கள் இருந்தன. ஆகவே அது தானே நாறியது. அதில் நச்சுத்தன்மை மிக்க கார்பன் மோனாக்சைடும் இருந்தது என்றாலும், கசிவை மூக்கு கண்டுபிடித்துவிடும். யாரும் நாற்றத்தைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் அடுப்பில் தெரியும் நீலத் தீ 1855இல் செருமனியின் ஐடல்பர்க்கில் இராபர்ட் புன்சன் தம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய எரிப்பானின் வழி வந்தது. எரிவதற்கு முன்பே வாயுவுடன் காற்றைக் கலந்துவிடுவதுதான் அதன் நுட்பம். அறிவியல் அறையில் அதைக் காட்டும் நாம், வீட்டு அடுப்பும் அதே கருவிதான் என்று மாணவர்களிடம் கூறுவதில்லை. தீ மஞ்சளாகிச் சட்டியின் அடியில் கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் எரிப்பானின் துளைகளை உணவுத் துணுக்கு அடைத்திருக்கும், அல்லது கழுவிய பின் மேல்மூடியைக் கோணலாக வைத்திருப்போம். அடுப்பு ஆறிய பிறகு கழற்றி, துளைகளைக் குத்தித் துடைத்து, நன்கு உலர்த்தி, பள்ளம் பார்த்துப் பொருத்த வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து கிடைத்த இயற்கை எரிவாயுவும், பெட்ரோலிய வாயுவும் அடுப்புக்கு வந்தன. இவை தூயவை, புகையில்லை, நாற்றமும் இல்லை. அந்தத் தூய்மையே ஆபத்தாயிற்று. மணமூட்டும் முறை முன்பே அறியப்பட்டிருந்தும், பல இடங்களில் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை.

அமெரிக்காவின் டெக்சசு மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூர். சுற்றிலும் எண்ணெய் வயல்கள். அந்த வருவாயால் ஊர்ப் பள்ளி வளமாக இருந்தது. பெரிய கட்டடம், அதனுள் எழுபதுக்கும் மேற்பட்ட எரிவாயுச் சூடேற்றிகள். அத்தனை வளமிருந்தும் 1937இன் தொடக்கத்தில் பள்ளி நிருவாகம் சிக்கனம் கருதி எரிவாயு ஒப்பந்தத்தை நிறுத்தியது. எண்ணெய் நிறுவனங்கள் வீணென்று எரித்துவிடும் எச்ச வாயுவின் குழாயோடு பள்ளியின் குழாயை இணைத்துக்கொண்டது. அக்காலத்தில் அவ்வூரில் பலரும் செய்ததுதான் அது. மாணவர்கள் சிலர் தலைவலி என்று முறையிட்டனர். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்றமில்லாத ஒன்றை யார் ஐயுறுவார்?

வாயு எங்கோ ஒரு குழாயில் கசிந்து கட்டடத்தின் தரைக்கு அடியிலிருந்த வெற்றிடம் முழுவதும் நிறைந்தது. 1937ஆம் ஆண்டு மார்ச் 18, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல். சிறு வகுப்புப் பிள்ளைகள் முன்னரே அனுப்பப்பட்டுவிட்டனர். பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடமான உடற்பயிற்சிக் கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கைத்தொழில் பட்டறையில் ஓர் ஆசிரியர் மரம் தேய்க்கும் மின்கருவியின் விசையைத் தட்டினார். அதில் எழுந்த சிறு பொறி போதுமானதாயிற்று. கட்டடமே மேலெழும்பி இடிந்து விழுந்தது.

மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். கூட்டத்திலிருந்த தாய்மார்கள்தாம் முதலில் ஓடிவந்து வெறுங்கையால் கற்களைப் புரட்டினர். இடிபாடுகளிடையே கண்டெடுத்த கரும்பலகையொன்றில், எண்ணெயும் எரிவாயுவும் இவ்வட்டாரத்துக்கு வாய்த்த பெரும்பேறு, அவையின்றி இப்பள்ளியே இல்லை என்னும் கருத்தமைந்த பாடம் எழுதப்பட்டிருந்ததாம். ஆசிரியப் பணியில் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட எனக்கு அந்தக் கரும்பலகையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாமும் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதக்கூடியவர்கள்தாமே.

அதே ஆண்டில் டெக்சசு மாநிலம் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் நாடுகளும் தொடர்ந்தன. என் மாணவனுக்குரிய விடை இதுதான். உன் வயதையொத்த பிள்ளைகளை இழந்த பின், பெரியவர்கள் கலந்தார்கள்.

நம் தோம்புகளில் சேர்க்கப்படும் பொருள் பெரும்பாலும் எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம். நூறு கோடிப் பங்கில் ஓரிரு பங்கு இருந்தாலும் நல்ல மூக்கு உணர்ந்துவிடும். பெட்ரோலிய வாயு காற்றில் ஏறத்தாழ 2 முதல் 10 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். அந்தக் கீழெல்லையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும் முன்பே நாறவேண்டும் என்ற கணக்கில் மணமூட்டுகிறார்கள். (அமெரிக்காவில் பிணந்தின்னிக் கழுகு வகையொன்று இதே நாற்றத்தைச் செத்த விலங்கென்று எண்ணிக் குழாய்க் கசிவுகளின் மேல் வட்டமிடுவதுண்டு.) ஆக, நாற்றம் வந்ததும் நமக்குச் சிறிது நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்த மின்விசையையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். பட்டறை ஆசிரியர் செய்தது அவ்வளவுதான்.

தோம்பில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, தாழ்ந்த மூலைகளிலும் அடுப்பு மேடைக்குக் கீழுள்ள அலமாரிகளிலும் தேங்கும். ஆதலால் சன்னலைத் திறப்பதைவிட வெளிவாசல் கதவை அகலத் திறப்பது முதன்மையானது. சிங்கப்பூர் அடுக்ககங்களில் குழாய்வழி வரும் நகர எரிவாயுவோ காற்றைவிட இலேசானது, மேலே எழும். கசிவு உணர்த்தும் கருவி வாங்குவோர் இதை மறந்து, ஒருவருக்கு உகந்ததை மற்றவர் வாங்கித் தவறான உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

ஆனால் மூக்கையே நம்பி அமைத்த காவல், மூக்கு செயலற்றுப்போனவருக்கு என்ன செய்யும்? முதுமையிலும் மணமறியும் திறன் குறைகிறது. பிற்பகலில் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோர் பெரும்பாலும் பாட்டிமார்களே.

அவர்களுக்கு உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. சில அடுப்புகளில் எரிப்பானின் ஓரத்தில் சிறு ஆணி போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். 1821இல் தாமசு சீபெக் என்னும் அறிவியலர் இருவேறு உலோகங்களை இணைத்து, அவற்றின் ஓர் இணைப்பைச் சூடேற்றினால் மின்விளைவு உண்டாவதைக் கண்டார். அந்த ஆணி அதுதான். தீயின் சூட்டால் அதில் எழும் சிறு மின்னோட்டம் ஒரு காந்த அடைப்பானைத் திறந்து வைத்திருக்கும். தீ அணைந்து ஆணி குளிர்ந்ததும் அடைப்பான் தானே மூடிக்கொள்ளும். பற்றவைக்கும்போது குமிழைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்வது அந்த ஆணி சூடேறுவதற்காகத்தான். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலோ, தேய்க்கும்போது வளைந்துவிட்டாலோ தீ நிற்காது. அப்போது அடுப்பு கெட்டுவிட்டதென்று சிலர் ஆணியின் இணைப்பையே செயலிழக்கச் செய்துவிடுவதுண்டு. மென்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கள் வீட்டு அடுப்பில் ஏன் அந்த ஆணி இல்லை? அதுவும் ஒரு கதை. முன்பு எங்களிடம் கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பு, ஆணியோடு இருந்தது. ஒரு தீபாவளிக்கு முறுக்குச் சுட, அடுப்பையே மறைக்கும் அகலத்தில் ஓர் இருப்புச்சட்டியை ஏற்றினேன். இரண்டு மணி நேரம் சுட்டு முடித்துச் சட்டியை இறக்கியதும், சிந்திய மாவை ஈரத்துணியால் துடைத்தேன். பட்டாசு வெடித்தாற்போல் ஓசை. கண்ணாடி முழுவதும் கல்கண்டுபோல் சிதறிக் கிடந்தது. யாருக்கும் காயமில்லை.

குற்றம் என்னுடையதே. அடுப்புக் கண்ணாடி, பிரெஞ்சுக்காரரான தெ லா பாசுட்டி 1874இல் காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றல். சூடான கண்ணாடியைத் திடீரெனக் குளிர்வித்தால் வெளிப்பரப்பு இறுகி உட்பகுதி இழுபட்டு நிற்கும்; அதனால் வலிமை கூடும். ஆனால் ஒரு புள்ளியில் அந்தச் சமநிலை குலைந்தால் முழுவதும் ஒருசேரப் பொடியாகிவிடும். அகன்ற சட்டியின் அடியில் முட்டித் திரும்பிய வெப்பம் கண்ணாடியை வாட்டியது. ஈரத்துணி எஞ்சியதை முடித்தது. விளிம்பில் பாத்திரம் இடித்து விழுந்த சிறு வடுவும் இதே வேலையைச் செய்யும்.

மின்சாரத்தில் இயங்கும் தட்டையான அடுப்புகளின் கண்ணாடி வேறு. 1953இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் தொனால்டு இசுட்டூக்கி 600 பாகையில் வைக்க எண்ணிய உலை பழுதாகி 900 பாகைக்கு ஏறிவிட்டது. உருகியிருக்கும் என்று எண்ணித் திறந்தவர் வெண்ணிறத் தகட்டைக் கண்டார். இடுக்கியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தும் அது உடையவில்லை. அந்தக் கண்ணாடிப் பீங்கான் வெப்பத்தில் ஏறக்குறைய விரிவடைவதே இல்லை. அதற்குப் பகை சர்க்கரைப் பாகு. வழிந்த பாகு ஆறி இறுகினால் மேற்பரப்பையே பெயர்த்துக்கொண்டு வரும். சூடு தணியும் முன்பே அதற்குரிய சுரண்டியால் எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடி உடைந்த அச்சத்தில், இனி வேண்டாம் இந்த வம்பு என்று அருகிலிருந்த கடையில் மிக எளிய இரும்பு அடுப்பொன்றை வாங்கினேன். கண்ணாடி இல்லை என்பதைப் பார்த்தேன். ஆணி இல்லை என்பதைப் பார்க்கவில்லை. அதன்மேல்தான் அன்று பால் பொங்கியது.

இப்போது ஆணியுள்ள அடுப்பு வந்துவிட்டது. தோம்பின் அருகே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உணர்கருவியும் இருக்கிறது. குமிழை அழுத்திப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா சலித்துக்கொள்கிறார்: "இந்த அடுப்புக்கு என்னா வீம்பு பாரு, கையெடுத்தா உடனே அணைஞ்சிடுது." ஐந்து வரை எண்ணுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது, அவர் குசினியில் உரக்க எண்ணுவது வாசல்வரை கேட்கிறது.