நெடுஞ்சாலையில் 'ராங் சைடு' போகாதீங்க! 1 கி.மீ. மிச்சம் பிடிக்கப் போனால் உயிருக்கே ஆபத்து

நாலு வழிச்சாலை வந்த பிறகு பயண நேரம் குறைந்து விட்டது. ஆனால் ஓரத்து ஊர்க்காரர்களுக்கு புது ஆபத்தும் வந்து விட்டது. பெட்ரோல் பங்கில் இருந்து வீடு திரும்ப மீடியன் திறப்பு வரை போய் சுற்றி வர வேண்டும். 'அவ்வளவு தூரம் யாருப்பா சுத்துறது?' என்று பலர் ராங் சைடிலேயே பைக்கை விடுகிறார்கள்.

2022-ம் ஆண்டு தமிழகத்தில் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே இதுதான் அதிகம். பலியானவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். அதாவது தினமும் சராசரியாக 49 உயிர்!

கணக்கு இதுதான்

எதிரே 80 கி.மீ. வேகத்தில் கார் வருகிறது. நீங்கள் ராங் சைடில் 40-ல் போகிறீர்கள். இரண்டு வண்டிக்கும் உள்ள இடைவெளி நொடிக்கு 33 மீட்டர் குறையும். 100 மீட்டர் தள்ளி பார்த்தாலும் சுதாரிக்க 3 நொடிதான்.

அந்த கார் டிரைவர் சுதாரித்து பிரேக் அடித்தால் கூட வண்டி நிற்க சுமார் 70 மீட்டர் ஆகும். மழை என்றால் இன்னும் கூடும். நம்ம ஊரில் லாரிகள் வலது பக்கம் போக, கார்கள் இடது பக்கமாக ஏறி முந்துவது சகஜம். லாரி மறைவில் இருந்து கார் வெளியே வரும் இடத்தில்தான் ராங் சைடு பைக்கும் வரும்!

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி, எதிர் திசையில் ஓட்டுவது ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேரும். 6 மாதம் முதல் 1 வருடம் வரை ஜெயில் அல்லது அபராதம், இரண்டும் கூட கிடைக்கலாம்.

நடந்து போறவங்க கவனத்துக்கு

ஒரு பக்க சாலையை நடந்து கடக்க 6 நொடி ஆகும். அதற்குள் 80-ல் வரும் கார் 130 மீட்டர் ஓடி விடும். 'தூரத்துல தானே வருது' என்று இறங்காதீங்க. பாதி கடந்ததும் மீடியனில் நின்று, அடுத்த பக்கம் பார்த்து போங்க. சுரங்கப்பாதை, நடைமேம்பாலம் இருந்தால் அதுதான் நல்லது.

ஹெல்மெட் தலையில், ஸ்டிராப் தாடையில்

2022-ல் நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50 ஆயிரத்து 29 பேர். அதில் 14 ஆயிரம் பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஸ்டிராப் மாட்டாத ஹெல்மெட், விழும் போது முதலில் கழன்று ஓடி விடும்.

அடிபட்டவரை பார்த்தால்...

108-க்கு போன் போடுங்க. தேசிய நெடுஞ்சாலையில் 1033-ம் உண்டு. 'போலீஸ், கோர்ட்டுன்னு இழுப்பாங்களோ' என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவர் விருப்பம் இல்லாமல் பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சட்டம். பணத்துக்கும் யோசிக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் அடக்கம்.

சுற்றி வந்தால் 5 நிமிஷம் கூடும், அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்கள் அந்த 5 நிமிஷம் காத்திருப்பார்கள்.