கோவைப் படப்பிடிப்பு நிலையங்களில் வளர்ந்த தோழமை

படம் பிடிப்பவர் ஒரு தனியாள் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஹஜ்ஜுப் பயணத்துக்கான பாஸ்போர்ட் படத்துக்காக ஸ்டூடியோ படியேறிய நம் பெரியவர்கள் கண்டதும், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட ஒற்றை மனிதரைத்தான். ஆனால் காமிராத் தொழில் தனிமையில் வளர்ந்ததன்று. அதற்குக் கோவை நகரின் வரலாறே சான்று.

கோவையிற் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் அவருடைய வெரைட்டி ஹால் எழுந்தது. பின்னாளில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், 1945இல் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் தோன்றின.

சென்ட்ரலில் படமெடுத்த ஜூபிடர் நிறுவனத்தைப் பற்றி நாம் சற்று நின்று பேச வேண்டும். அதன் உரிமையாளர் இருவர்: எம்.சோமசுந்தரம், எஸ்.கே.மொய்தீன். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கூட்டாக நின்று 'கண்ணகி'யை (1942) எடுத்தார்கள், 'ஸ்ரீமுருகன்' (1946) எடுத்தார்கள். கணக்குப் புத்தகத்தைப் பங்கிட்டுக்கொள்வதிலேயே கூட்டுகள் உடைந்துபோகும் உலகம் இது! எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்ததும், இளைஞர் கருணாநிதி வசனம் எழுதியதுமான 'ராஜகுமாரி' (1947) இவர்கள் படமே.

இந்தக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தவர் கே.ராம்நாத். திருவனந்தபுரத்துக்காரர், காமிராவைக் கையிலெடுத்துத் திரையுலகில் வளர்ந்தவர். முத்துசாமி ஐயர் (பின்னாளில் இயக்குநர் முருகதாசா), ஓவியர் ஏ.கே.சேகர் ஆகிய இருவரும் அவருடைய இணைபிரியா நண்பர்கள். சென்னையில் 'சவுண்ட் அண்ட் ஷேடோ' என்ற ஆங்கிலத் திரை ஏட்டில் தொடங்கிய அந்த உறவு, வேல் பிக்சர்ஸ், ஜெமினி என்று இடம் மாறியபோதும் அறுபடவில்லை.

காமிராக்காரருக்கும் அரங்க அமைப்பாளருக்கும் இத்தனை நெருக்கம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நிறங்களை அறியாது. சாம்பலின் ஏற்ற இறக்கத்தையே அறியும். கண்ணுக்கு வேறுவேறாய் நிற்கும் சிவப்பும் பச்சையும் திரையில் ஒரே சாம்பலாய்க் கலந்துவிடக்கூடும். சேகர் சுவருக்கு வண்ணம் குழைக்கும்போதே, ராம்நாத்தின் விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று உணர்ந்திருக்க வேண்டும். விளக்குப் பிடிப்பவரின் கை சற்று அசைந்தால் முகத்தில் நிழல் விழும். பதனிடும் அறையில் ஒருவர் நேரத்தைத் தவறவிட்டால் பகலெல்லாம் உழைத்த உழைப்பு பாழ். ஒருவர் பிழைக்கு எல்லோரும் ஈடு கொடுக்கும் தொழிலில் அந்நியராக இருந்து காலம் தள்ள முடியாது.

1947இல் ஜெமினியை விட்ட ராம்நாத், ஜூபிடருக்காக 'கன்னியின் காதலி'யை (1949) இயக்கினார். சேகரும் உடன் உழைத்தார். கண்ணதாசன் தம் முதல் திரைப்பாடலை எழுதியது அப்படத்துக்கே. அடுத்து பட்சிராஜாவில் 'ஏழை படும் பாடு' (1950). பிரெஞ்சு நாவலாசிரியர் விக்டர் யூகோவின் கதை, கோவை மண்ணில் தமிழ் பேசியது. பிறகு மீண்டும் ஜூபிடர்: 'மர்மயோகி' (1951). பேய்க் காட்சிகளுக்காகத் தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் அது. இன்றைய பிள்ளைகள் அதைக் கண்டால் சிரிப்பார்கள்.

'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன் பின் வாழ்நாள் முழுதும் 'ஜாவர்' சீதாராமன் ஆனார். அப்படத்தை ஆக்கியவரோ 1956இல், நாற்பத்து நான்காம் வயதில், மறைந்தார். அதற்குள் படத்தொழில் சென்னையிற் குவியத் தொடங்கியிருந்தது. விளக்குப் பிடித்தவரும் படச்சுருள் கழுவியவரும் வேலை தேடிப் பிரிந்தனர். அந்த நிலையங்களில் இன்று படப்பிடிப்பு இல்லை.