பிறவிக்குணமும் மலைநாட்டுத் தோட்டங்களும்

மாந்தர்தம் குணமும் உடல்நலமும் பிறப்பொடு வருவனவோ, வாழும் சூழலால் அமைவனவோ என்னும் வினா மிகப் பழையது. மத்திய மலைநாட்டின் வரலாற்றிலே இவ்வினா ஒரு மக்கட்கூட்டத்தின் மானத்தைப் பற்றியதாயிற்று.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தூரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி நோயுற்று அழிந்தபின் அட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளெல்லாம் தேயிலையாயின. தமிழகத்தினின்று வந்த தொழிலாளர் லயங்களிலே, குடும்பத்திற்கு ஒரு சிற்றறையாகக் குடியமர்த்தப்பட்டனர். வெளிறிய முகமும் தளர்ந்த நடையுங் கொண்டோரைக் கண்டு, சோம்பல் இவ்வினத்தாரின் பிறவிக்குணம் என்று முடிவுகட்டுவது அக்காலத் துரைமார் பலரின் வழக்கம். அதனை மறுத்துரைக்கும் நிலையிலே தொழிலாளர் இருந்திலர்.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரச் சபை மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. சோதிக்கப்பட்டோருட் பெரும்பாலார் குடலில் அப்புழு காணப்பட்டது. அதன் குடம்பி ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும். வளர்ந்தபின் குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சும். குருதி குன்றியவர்க்குக் கொழுந்துக் கூடையும் பெருஞ்சுமையாம். மருந்தினாற் புழு நீங்கும்; மலகூடம் இல்லாவிடின் மீண்டும் பற்றும். மருந்தை வரவேற்ற தோட்டத்துரைமாருட் பலர் மலகூடங் கட்டுஞ் செலவுக்குத் தயங்கினர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும், 1902இல் ஸ்டைல்ஸ் என்பார் இப்புழுவின் ஓரினத்தை விவரிக்கும் வரை, ஏழை வெள்ளையரின் சோர்வு குலக்குற்றமாகவே பேசப்பட்டது.

இவற்றால் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்பது பெறப்படாது. இரட்டையரை ஒப்பிட்டு ஆராயும் வழியை 1875இல் கால்டன் எடுத்துரைத்தார். பின்வந்த ஆய்வுகள், மாந்தரிடையேயுள்ள குணவேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பரம்பரையைச் சார்ந்தது எனவும், எளிதிற் கலங்கும் இயல்பினர் மனச்சோர்வு நோய்க்கு மிகுதியும் ஆளாவர் எனவும் காட்டின. கொழும்பு மாவட்டத்து இரட்டையர் ஏறத்தாழ 4,000 பேரிடம் நிகழ்த்தப்பெற்ற ஆய்வோ, மனச்சோர்விலே பரம்பரையின் பங்கு பெண்களிடம் மிகுதியாகவும் ஆண்களிடம் மிகச் சிறிதாகவும் இருத்தலைக் கண்டது. ஆகவே, அப்பங்கு எல்லார்க்கும் ஒரே அளவினதாக விதிக்கப்பட்டதன்று. அன்றியும், ஒரு கூட்டத்தினுள்ளே ஒருவர்க்கொருவர் உள்ள வேறுபாட்டை அளப்பதே இவ்வாய்வு. இரு கூட்டங்களை ஒப்பிட்டு ஒன்றை இழிந்ததென்று கூறுதற்கு அதில் இடமில்லை. லயத்தாரையும் பங்களாவில் வாழ்ந்தோரையும் ஒப்பிட்டுப் பிறவிக்குணம் பேசியோர், பின்னவர்க்குக் காலணியும் மலகூடமும் இருந்தமையைக் கணக்கிற் கொண்டிலர்.