ஜூலியானோ அமாட்டோ

ஜூலியானோ அமாட்டோ (பிறப்பு: 13 மே 1938, டூரின்) இத்தாலிய அரசியல் தலைவர், அரசமைப்புச் சட்ட அறிஞர். ரோமின் சப்பியென்சா பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1983இல் சோசலிஸ்ட் கட்சி சார்பில் நாடாளுமன்றம் சென்று, பிரதமர் பெட்டினோ கிராக்ஸியின் வலக்கரமானார். இருமுறை (1992–93, 2000–01) பிரதமர். அவருக்குப் பெயரையும் வசையையும் சேர்த்தே தந்தது முதல் ஆட்சிதான். 1992 ஜூலையில் அரசின் நிதி நெருக்கடியைச் சமாளிக்க, வங்கி வைப்புகளில் ஆயிரத்துக்கு ஆறு லீரா வீதம் இரவோடிரவாக வரி பிடித்தார். இத்தாலியர்கள் அதை எளிதில் மன்னிக்கவில்லை. ஆனாலும் லீரா தப்பவில்லை. செப்டம்பரில் அதன் மதிப்புக் குறைக்கப்பட்டு, ஐரோப்பிய நாணயமாற்று ஏற்பாட்டிலிருந்து இத்தாலி வெளியேறியது. பின்னாளில் ஐரோப்பிய அரசமைப்பு வரைவு மாநாட்டின் துணைத்தலைவர், உள்துறை அமைச்சர் (2006–08). 2013இல் அரசமைப்பு நீதிமன்ற நீதிபதியான இவர், 2022இல் சில மாதங்கள் அதன் தலைவராகவும் இருந்தார்.