உலர் கண்: பத்தொன்பது பெண்களும் ஒரு கால்நடை மருத்துவரும்

"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே உறுத்துது சார்."

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஓபியில நல்ல கூட்டம். ஐம்பது வயசு தாண்டிய ஒரு அம்மா. விரல் மூட்டுல வலி, கண்ணுல உறுத்தல். வலிக்கு மாத்திரை எழுதிட்டு, கண் ஓபிக்கு போங்கம்மான்னு அனுப்பிட்டேன். எழுந்திருக்கும்போது, "சோறு கூட தண்ணி குடிச்சாதான் சார் உள்ள எறங்குது"ன்னாங்க. நான் அடுத்த சீட்டை எடுத்துட்டேன்.

இதே மூணு தொல்லையோட 1930-ல ஸ்வீடன்ல ஒரு பெண், ஹென்ரிக் ஷோக்ரன்ங்கிற இளம் கண் டாக்டர்கிட்ட வந்தாங்க. கண் வறட்சி, வாய் வறட்சி, மூட்டு வலி. அவர் கவனிச்சார். இதே மாதிரி ஆட்களைத் தேட ஆரம்பிச்சார்.

கண்ணீரை அளக்க வழி அப்பவே இருந்தது. 1903-ல ஜெர்மனியின் ஓட்டோ ஷிர்மர் சொன்னது: ஒரு துண்டு வடிதாளை கீழ் இமையில மாட்டி, ஐந்து நிமிஷத்துல எவ்வளவு நனையுதுன்னு பாருங்க. அவ்வளவுதான். இன்னைக்கும் அதே தாள், அதே ஐந்து நிமிஷம். 5 மில்லிமீட்டருக்குக் கீழேன்னா கண்ணீர் ரொம்பக் குறைவு.

1933-ல ஷோக்ரன் ஆய்வேட்டை எழுதினார். 19 நோயாளிகள், எல்லாருமே பெண்கள், அதுல 13 பேருக்கு மூட்டு வாதம். இது வெறும் கண் நோய் இல்ல, உடம்பு முழுக்க இருக்கிற நோய்னு வாதாடினார். தேர்வாளர்களுக்கு அது பெருசாப் படல. பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தத் தேவையான தகுதி அவருக்குக் கிடைக்கல. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டராவே தொடர்ந்தார் மனுஷன். 1943-ல ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் அதை ஆங்கிலத்துல மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்னைக்கு அந்த நோய்க்கே அவர் பேர்தான்.

சரி, வைத்தியம்? ரொம்ப காலம் செயற்கைக் கண்ணீர்தான். இல்லன்னா கண்ணீர் வடியுற துவாரத்தை சூடு வச்சு அடைக்கிறது. 1975-ல அதுக்கு சிலிக்கான் அடைப்பான் வந்தது. எல்லாமே இருக்கிற தண்ணியை சேமிக்கிற கதை, ஊத்தைத் திறக்குற கதை இல்ல.

ஊத்தைத் திறந்தது ஒரு கால்நடை மருத்துவர்! அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல ரெனே காஸ்வான். நாய்களுக்கும் கண் வறண்டு போகும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குதுன்னு சந்தேகப்பட்டு, மாற்று சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காம இருக்கக் கொடுக்கிற சைக்ளோஸ்போரினை எண்ணெய்ல கரைச்சு சொட்டு மருந்தா விட்டாங்க. நாய்களுக்குக் கண்ணீர் சுரந்தது. மனுஷங்களுக்கான சொட்டு மருந்துக்கு 2002 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி.

ஒண்ணு சொல்லிடறேன். இது விட்ட உடனே கேக்காது, வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். முதல்ல எரியும். ரெண்டு நாள்ல நிறுத்திட்டு மெடிக்கல்ல போய் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுறவங்க நிறைய. சீக்கிரம் சுகமா இருக்கும், ஆனா டாக்டர் பார்க்காம தொடர்ந்து விட்டா கண் அழுத்தம் ஏறி பார்வையே போகலாம். தயவுசெஞ்சு வேண்டாம்.

அந்த அம்மா ரெண்டு வருஷம் கழிச்சு பல்லெல்லாம் சொத்தையாகி திரும்ப வந்தாங்க. அன்னைக்குத்தான் எனக்கு அந்த சோறும் தண்ணியும் ஞாபகம் வந்தது. கண் ஓபிக்கு நானே கூட்டிட்டுப் போனேன். ஐந்து நிமிஷம் கழிச்சு தாளை எடுத்துப் பார்த்தா, 2 மில்லிமீட்டர்.