வாயிலும் வாலும்

ஓசூர்த் தொழிற்பேட்டையில், ஓர் ஆலையின் வாயிலருகே, வேலைக்கான மனுவை நிரப்பிக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். கிருட்டிணகிரிப் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளை, தொழிற்பயிற்சி முடித்தவன். பெயர் எழுதினான், பிறந்த நாள் எழுதினான், படிப்பு எழுதினான். "குடும்பப் பெயர்" என்றிருந்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"தந்தை பெயரை எழுதலாமா ஐயா?" என்று கேட்டான்.

"அது வேறு கட்டம் தம்பி. அப்பா பெயருக்குப் பின்னால் ஏதாவது வருமே, அதை எழுது" என்றார் மேசைக்கு அப்பால் இருந்தவர்.

"பின்னால் ஒன்றும் வராது ஐயா."

"ஒன்றுமில்லாமல் எப்படி? உங்கள் ஆட்களுக்கென்று ஏதாவது ஒரு பட்டம் இருக்குமே!"

அருகில் நின்றிருந்தோம் நாம். கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டார் என்று சொல்ல மாட்டோம். ஆனால், ஒரு வெற்றுக் கட்டம் எவ்வளவு எளிதாகச் சாதியைக் கேட்கும் வாயாக மாறிவிடுகிறது என்பதைக் கண்ணாரக் கண்டோம். ஜூஜூவாடியைத் தாண்டினால் கன்னட நாடு. ஓசூர்த் தெருவிலோ தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கும். தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னே வைப்பர்; கன்னடர் பலர் ஊர்ப் பெயரை வைப்பர்; தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வர். அத்தனை பேரையும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது அச்சடித்த ஒரு தாள்!

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது? குடும்பப் பெயர் என்பது ஆதியிலிருந்தே மனிதனோடு ஒட்டிப் பிறந்ததா? அது குருதியைக் காட்டுகிறதா, குலத்தைக் காட்டுகிறதா? இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போகவேண்டும்; முதலில் பிரெஞ்சு நாட்டுக்கு.

கொல்லனும் ரொட்டிக்காரனும்

பிரெஞ்சு நாட்டில் 1539-ஆம் ஆண்டு, முதலாம் பிரான்சுவா மன்னன், ஞானமுழுக்குப் பெற்ற குழந்தைகளின் பெயர்களைக் கோயில் ஏடுகளில் பதியவேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தான். புரட்சி வெடித்தபின், 1792 செப்டம்பர் 20-ஆம் நாள் வந்த சட்டம் அந்த ஏட்டைப் பாதிரியார் கையிலிருந்து பறித்து ஊராட்சியிடம் கொடுத்தது. 1794 ஆகஸ்டு 23-ஆம் நாள் இன்னொரு சட்டம், பிறப்பு ஏட்டில் உள்ள பெயரன்றி வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக் கூடாது என்றது. அன்று பெயர் உறைந்தது!

உறைவதற்கு முன் அந்தப் பெயர்கள் என்னவாக இருந்தன? லெஃபேவ்ரு என்றால் கொல்லன். பூலான்ழே என்றால் ரொட்டி சுடுபவன். லெரூ என்றால் செம்பட்டை முடியன். துய்ப்போன் என்றால் பாலத்தருகே இருப்பவன். லபோர்த் என்றால் வாயில். ஊரின் கோட்டை வாயிலருகே குடியிருந்தவனுக்கு அண்டை அயலார் இட்ட அடையாளம். தெருவில் கண்டெடுத்த குழந்தைகளுக்கு அதிகாரிகள் தம் மனம்போல் புதுப்பெயர் புனைந்ததும் உண்டு. இவ்வளவுதான் பெருமைக்குரிய குடும்பப் பெயர்களின் பிறப்பு மருமம். வானத்திலிருந்து வந்ததுமில்லை, பிரம்மன் நெற்றியில் எழுதியதுமில்லை. எழுத்தன் எழுதினான், எழுதியது நின்றது.

அந்நாட்டில் ரொட்டிக்காரன் என்ற பெயருடையவன் வழக்கறிஞன் ஆகலாம், அமைச்சன் ஆகலாம். அவனுடைய பெயர் பழைய தொழிலைச் சொல்கிறது. புதிய தொழிலைத் தடுப்பதில்லை. நம் நாட்டில்? பெயரின் வால் பழைய தொழிலைச் சொல்வதோடு நிற்பதில்லை. எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று ஆணையும் இட்டது. வேற்றுமை பெயரில் இல்லை. பெயரைப் பிறப்போடு கட்டிய சமுதாய அமைப்பில் இருக்கிறது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

பிரெஞ்சு அரசின் புள்ளியியல் நிறுவனமான இன்சே, குடும்பப் பெயர்களை எண்ணி வைத்திருக்கிறது. 1891 முதல் 1990 வரை நூறாண்டுகளை இருபத்தைந்து இருபத்தைந்து ஆண்டுகளாக நான்கு பகுதியாக்கி, ஒவ்வொரு பெயரிலும் எத்தனை பிறப்பு எனக் கணக்கிட்டார்கள். வெவ்வேறு பெயர்கள் பதின்மூன்று இலட்சத்துக்கு மேல்! தலைமை இடம் மார்த்தேன் என்ற பெயருக்கு. மிகப் பெரும்பாலான பெயர்களோ ஒருசில குடும்பங்களே தாங்கும் அரிய பெயர்கள்.

அரிய பெயர் என்றதும் அரச குலமோ, அருந்தவ மரபோ என்று சிலர் மார் தட்டுவதுண்டு. அறிவியல் சிரிக்கிறது. 1873-இல் இங்கிலாந்தின் கால்ட்டன் என்பவர், பெருங்குடிப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று ஒரு கேள்வியை வெளியிட்டார். கணித அறிஞர் வாட்சன் விடை தந்தார். இருவர் பெயரிலும் 1874-இல் கட்டுரை வந்தது. பெயர் தந்தை வழியாக மட்டும் செல்லும்போது, ஒருவனுக்கு மகன் இல்லை, இன்னொருவனுக்கு மூவர் என்னும் வெறும் தற்செயலே பல பெயர்களை அழிக்கும், சில பெயர்களைப் பெருக்கும் என்பது அந்தக் கணக்கு. எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவு கட்டியது பிழை, பிற்காலத்தார் திருத்தினர். கணக்கின் அடிப்படை நின்றது. பிரெஞ்சுக்காரரான பியனெமே 1845-லேயே இதே வழியில் சிந்தித்திருந்தார். ஆகவே, குடி அழிந்தது குலதெய்வத்தின் சினத்தாலும் அன்று. குடி பெருகியது பூர்வ புண்ணியத்தாலும் அன்று!

இதே கால்ட்டன்தான் 1883-இல் மனித இனத்தை "உயர்ந்த பிறப்பு" கொண்டு மேம்படுத்தலாம் என்ற கொள்கைக்குப் பெயர் சூட்டியவர். உயர்குடி தற்செயலாகவே நிலைக்கிறது, தற்செயலாகவே மறைகிறது என்று காட்டிய கணக்கு அவர் கண்முன் இருந்தும், பிறப்பின் மயக்கம் அவரை விடவில்லை. படித்தவனையும் பிடித்தாட்டும் பேய் அது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தப் பட்டியல் பெரும்பாலும் தந்தை வழியையே எண்ணியது. தாயின் பெயர் எங்கே? 2005 முதல்தான் பிரெஞ்சு நாட்டில் பிள்ளைக்குத் தாயின் பெயரையும் இடலாம் என்றாயிற்று. 2022 சூலை முதல், வயது வந்தவர் ஓர் அறிவிப்பின் வழியாகவே தாயின் பெயரை ஏற்கலாம் என்றாயிற்று. புரட்சி கண்ட நாட்டிலேயே பெண்ணின் பெயருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது!

புதுவையில் திறந்த வாயில்

பிரெஞ்சுப் பெயர் பட்டியலில் லபோர்த் என்ற பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயருடைய எல்லாரும் கோட்டை வாயிலருகே வாழ்ந்த வெள்ளையனின் வழியினர் அல்லர். நம் புதுவையில் ஒரு லபோர்த் இருந்தார். அவர் பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை!

அவர் வழக்கறிஞர். 1873-இல், ஐரோப்பியர் போலக் காலில் பூட்சு அணிந்து நீதிமன்றத்தில் வாதாட நின்றார். அணியக் கூடாது என்று தடுத்தது மன்றம். வெள்ளையன் காலில் இருந்தால் மரியாதை, தமிழன் காலில் இருந்தால் அவமரியாதை! பொன்னுத்தம்பி செருப்பைக் கழற்றவில்லை. பாரிசு நகரத்து உச்ச முறையீட்டு மன்றம் வரை சென்றார், வென்றார்.

பின்னர், 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை வந்தது. பிரெஞ்சிந்தியக் குடிகளில் எவரும், தம் மதச் சட்டத்தையும் சாதி வழக்கையும் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாம். அப்படித் துறப்போர் தமக்கும் தம் வழியினர்க்கும் ஒரு குடும்பப் பெயரைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பொன்னுத்தம்பி பிள்ளை தம் வாலைத் துறந்தார். பொன்னுத்தம்பி லபோர்த் ஆனார். வாயில் என்று பொருள்படும் பெயர்! துறந்தோரில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்டோரும் மிகுதி. சாதி இந்துக்களின் வைதிகக் கட்சி, சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் இதை எதிர்த்தது. 1884-இல் வாக்காளர்கள் ஐரோப்பியர், துறந்தோர், ஏனையோர் என மூன்று பட்டியலாகப் பிரிக்கப்பட்டனர். வாலைத் துறந்தவனுக்கும் வெள்ளையன் பட்டியலில் இடமில்லை!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பட்டியலில் இரண்டு லபோர்த்தும் ஒரே பெயர். ஒருவனுக்கு அது அண்டை வீட்டார் இட்ட அடையாளம். மற்றவருக்கு அது தாமே எடுத்த முடிவு. எண்ணிக்கைக்கு இந்த வேற்றுமை தெரியாது. பெயரைக் கொண்டு குருதியை அளக்கப் புறப்படுவோர் இந்த ஒரு பெயரிலேயே தடுக்கி விழுவர்.

அதே 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் மக்கள்தொகை எடுக்கப்பட்டது. அந்த எழுத்தன் கேட்ட கேள்விகளில் ஒன்று, "என்ன சாதி?" நம் கிருட்டிணகிரி வட்டாரமான பாராமகாலுக்கு அத்தகைய எழுத்தாணி முன்பே வந்துவிட்டது. திப்பு 1792-இல் பாராமகாலை இழந்தபின், அலெக்சாண்டர் ரீடும் தாமசு மன்றோவும் வயலை அளந்தார்கள், உழவன் பெயரை எழுதினார்கள், தீர்வை வைத்தார்கள். பாரிசில் குடிமைப் பதிவேடு பிறந்த அதே 1792! அங்கே ஏடு குடிமகனைப் பதிந்தது. இங்கே ஏடு வரி கட்டுபவனைப் பதிந்தது.

கடல் கடந்த முத்துசாமி

இனி, நாமே தேர்ந்துகொள்ளாத பெயர்களின் கதை. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. ரெயூனியன் தீவில் மட்டும் அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் ஏறத்தாழ 62,000 பேர் விடுதலை பெற்றார்கள். அதுவரை அவர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை. எழுத்தர்கள் உட்கார்ந்து பெயர் புனைந்தார்கள்.

விடுதலை பெற்றவர் விட்டுப்போன கரும்புக் கொல்லைக்குத் தமிழகத்துக் கூலிகள் அனுப்பப்பட்டார்கள். ரெயூனியனுக்கு ஓர் இலட்சத்துக்கும் மேல். குவாதலூப்புக்கு 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர். குவாதலூப்புக்கு முதலில் வந்த கப்பலின் பெயர் ஒரேலி. கூலி முத்துசாமியின் மகனுக்கு முத்துசாமியே குடும்பப் பெயர் ஆயிற்று. நம் உகரத்துக்குப் பிரெஞ்சு எழுத்தர் இரண்டு எழுத்து எழுதுவார்; ஆங்கில எழுத்தர் ஒன்றோடு நிறுத்துவார். பினாங்குக்குப் போன முத்துசாமியும் குவாதலூப்புக்குப் போன முத்துசாமியும் ஏட்டில் இருவேறு பெயராயினர். இன்று பிரெஞ்சுப் பெயர் பட்டியலில் முத்துசாமியும் நிற்கிறது. குவாதலூப்பின் எழுத்தாளர் எர்னெசுட் முத்துசாமி 1981-இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரானார்.

புதுவை ஏடுகளில் "பிள்ளை" என்ற பட்டத்தைப் "புல்லே" என்று எழுதுவது பிரெஞ்சுக்காரர் வழக்கம். ரெயூனியனில் விராபுல்லே என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. சாதியின் வால் கடல் கடந்து, பொருள் செத்து, ஒலி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! அங்கே யாரும் அதைக் கேட்டு எழுந்து நிற்பதுமில்லை, ஒதுங்கிப் போவதுமில்லை. நம்புவோர் இல்லாத இடத்தில் சாதிப் பட்டம் வெறும் ஓசை.

அந்தக் குவாதலூப்பில்தான் ஆன்றி சிதம்பரம் பிறந்தார், 1863-இல், இந்தியக் கூலிகளின் மகனாக. அங்கேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க 1904-இல் முனைந்தார். ஆளுநர் எதிர்த்தார், வழக்கு நடந்தது, பத்தொன்பது ஆண்டுகள் போராடினார். 1923-இல் உரிமை கிடைத்தது. லபோர்த் பெயரை மாற்றிப் போராடினார். சிதம்பரம் பெயரை மாற்றாமல் போராடினார். உரிமை பெயரிலிருந்து பிறக்கவில்லை, போராட்டத்திலிருந்து பிறந்தது!

கட்டத்தில் என்ன எழுதுவது?

லபோர்த் வாலைத் துறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1927-இல், பெரியார் தம் பெயரின் பின்னிருந்த நாயக்கரை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அதற்குத் தலைமை வகித்த சௌந்தரபாண்டியன் நாடார் பட்டத்தை விட்டார். ஆணை எதுவும் வரவில்லை. அயல்நாட்டுப் பெயரும் தேவைப்படவில்லை. தமிழன் தன் பெயரைத் தானே வெட்டிச் செப்பனிட்டான். அதன் பயன்தான் ஓசூரில் அந்த இளைஞனின் பெயருக்குப் பின்னால் இருந்த வெற்றிடம். அது குறையன்று, பெற்ற வெற்றி!

அந்த இளைஞன் முடிவில் என்ன எழுதினான்? தாயின் பெயரை எழுதினான். மேசைக்கு அப்பால் இருந்தவர் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். தாளை வாங்கி அடுக்கில் வைத்தார். வானம் இடிந்து விழவில்லை.

இளைஞர்களே! பெங்களூருக்குப் போனாலும் பாரிசுக்குப் போனாலும் அந்தக் கட்டம் உங்களைக் கேட்கும். தந்தை பெயரை எழுதுங்கள், தாய் பெயரை எழுதுங்கள், ஊர்ப் பெயரை எழுதுங்கள், விரும்பினால் புதிதாக ஒன்று புனைந்து எழுதுங்கள். பெயரெல்லாம் ஒருநாள் யாரோ ஒருவர் எழுதியதுதான் என்று வரலாறு கூறுகிறது. உங்கள் பாட்டன் வெட்டி எறிந்த வாலை மட்டும், ஒரு தாளின் கட்டத்தை நிரப்புவதற்காக மீண்டும் ஒட்டிக்கொள்ளாதீர்கள்!