நீரிழிவு நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் மாத்திரை: தொடங்கத் தயக்கம் ஏன்? பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

புதுதில்லி: நீரிழிவு நோயாளிகளின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பவை இதய நோய்களும் ரத்தக்குழாய் நோய்களுமே. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைத் தடுப்பதில் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளுக்கு உள்ள பயன் 20 ஆண்டுகளுக்கு முன்பே உறுதி செய்யப்பட்டுவிட்டது. ஆயினும், அதைத் தொடங்க மறுப்பவர்களும், தொடங்கிய சில மாதங்களில் தாமாகவே நிறுத்திவிடுபவர்களும் ஏராளம்.

இந்தியாவின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன், சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த 'இன்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாகின. அதன்படி நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் உள்ளது, மேலும் 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர்.

அதே ஆய்வின் மற்றொரு பகுதி 2022-இல் வெளியானது. நீரிழிவு நோயாளிகளில் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தோர் 7.7 சதவீதம் மட்டுமே. எல்டிஎல் அளவைத் தனியாகப் பார்த்தாலும், இலக்கை எட்டியோர் 41.5 சதவீதமே.

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் நேர்கிறது. உலகின் பிற பகுதிகளில் இது சுமார் 59 வயது என 'இன்டர்ஹார்ட்' ஆய்வு காட்டியது. எனவே, தடுப்பு மருந்தைத் தொடங்குவதில் ஏற்படும் தாமதம் இந்தியர்களுக்குக் கூடுதல் இழப்பாகிறது.

ஸ்டாட்டின் எவ்வாறு செயல்படுகிறது?

கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாகத் தேவையான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. இதனால் கல்லீரல், ரத்தத்தில் உள்ள எல்டிஎல்-ஐ அதிக அளவில் ஈர்த்து அகற்றுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டுகளும் உறுதிப்பட்டு, அவை வெடித்து அடைப்பு உண்டாகும் வாய்ப்பு குறைகிறது.

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து இவ்வகையின் முதல் சேர்மத்தைக் கண்டறிந்தார். அமெரிக்காவில் 1987-இல் முதல் ஸ்டாட்டின் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் தற்போது அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகிய இரண்டும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

'கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே, மாத்திரை எதற்கு?'

நோயாளிகள் அதிகம் எழுப்பும் கேள்வி இது. நீரிழிவு உள்ளவர்களுக்கு எல்டிஎல் துகள்கள் சிறியனவாகவும் அடர்த்தி மிக்கனவாகவும் இருப்பது வழக்கம். பரிசோதனை அறிக்கையில் அளவு இயல்பாகத் தோன்றினாலும், இத்துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் எளிதில் புகுந்து படிகின்றன. ஆகவே, கொலஸ்ட்ரால் அளவை மட்டும் பார்க்காமல், மாரடைப்பு வருவதற்கான ஒட்டுமொத்த ஆபத்தைக் கணக்கிட்டே மருத்துவர்கள் ஸ்டாட்டினைப் பரிந்துரைக்கின்றனர்.

பிரிட்டன், அயர்லாந்தில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான 'கார்ட்ஸ்' ஆய்வு இதற்குச் சான்று. இதய நோய் இல்லாத, எல்டிஎல் அளவும் பெரிதாக உயராத 2,838 நீரிழிவு நோயாளிகள் இதில் பங்கேற்றனர். தினமும் 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டாட்டின் உட்கொண்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. பயன் தெளிவாகத் தெரிந்ததால், திட்டமிட்டதற்கு சுமார் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே ஆய்வு முடித்துக்கொள்ளப்பட்டது.

40 முதல் 75 வயது வரையிலான நீரிழிவு நோயாளிகளுக்கு, இதய நோய் இல்லாவிட்டாலும், மிதமான வீரியமுள்ள ஸ்டாட்டின் தேவை என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் பரிந்துரைக்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நீரிழிவு நோயாளிகள் உள்ளிட்ட அதிக ஆபத்துப் பிரிவினருக்கு எல்டிஎல் அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்களுக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும்.

தாமதத்தின் விலை

'ஆறு மாதம் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து பார்க்கிறேன்' என்று கூறுவோர் பலர். உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் அவசியமானவை. ஆனால் அவை ஸ்டாட்டினுக்கு மாற்று அல்ல. இரண்டும் சேர்ந்தே செயல்பட வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாஸ் ஜெனரல் பிரிகாம் மருத்துவக் குழும ஆய்வாளர்கள், 7,239 நீரிழிவு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதலில் ஸ்டாட்டினை மறுத்து, பின்னர் ஏற்றனர். தாமதம் பாதிப் பேருக்கு ஒன்றரை ஆண்டு அல்லது அதற்கும் மேல். தாமதித்தோரில் 8.5 சதவீதத்தினருக்கும், உடனே தொடங்கியோரில் 6.4 சதவீதத்தினருக்கும் பின்னாளில் மாரடைப்பு அல்லது பக்கவாதம் ஏற்பட்டிருந்தது.

பக்க விளைவுகள்: அச்சமும் உண்மையும்

மாத்திரையை நிறுத்துவோர் பெரும்பாலும் கூறும் காரணம் தசைவலி. இது பற்றி பிரிட்டனில் நடந்த 'சாம்சன்' ஆய்வு 2020-இல் வெளியானது. பக்க விளைவுகளால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு, சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தில்லா வெற்று மாத்திரையும், சில மாதங்கள் மாத்திரையே இல்லாமலும் மாறி மாறி வழங்கப்பட்டன. ஸ்டாட்டின் உட்கொண்டபோது உணர்ந்த தொல்லைகளில் 90 சதவீதம், வெற்று மாத்திரையின்போதும் தோன்றின. வலி உண்மையானது, ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் மருந்து அல்ல. இதை அறிந்தபின் பங்கேற்றோரில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டாட்டினைத் தொடங்கினர்.

ஸ்டாட்டின் ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. 2010-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் உட்கொண்டால் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு ஏற்படலாம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி அளவில் ஏற்படும் உயர்வு மிகச் சிறியது. மாறாக, 'கார்ட்ஸ்' ஆய்வின் கணக்குப்படி, 1,000 நீரிழிவு நோயாளிகள் நான்கு ஆண்டுகள் மருந்து உட்கொண்டால், குறைந்தது 37 பேருக்கு முதல் பெரும் பாதிப்பு தவிர்க்கப்படும்.

கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படுவது அரிது. எனவே தொடக்கத்தில் ஒருமுறையும், பின்னர் அறிகுறி தென்பட்டாலும் பரிசோதித்தால் போதும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் அறிவித்தது.

தொடர்ந்து உட்கொள்ளச் செய்வது எப்படி?

ஸ்டாட்டினை நிறுத்தினால் உடனடியாக எந்த அறிகுறியும் தெரியாது. ஆனால் சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். 'அறிக்கை சரியாக வந்துவிட்டது' என்று நிறுத்துவோர், அந்த அளவு மாத்திரையால் வந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். இதை முதல் சந்திப்பிலேயே மருத்துவர் விளக்கிவிட்டால் பிற்காலக் குழப்பம் குறையும்.

மாத்திரை தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபரிசோதனை செய்து, முன்னும் பின்னுமான எல்டிஎல் அளவுகளை நோயாளியிடம் காட்டுவது நம்பிக்கையை வளர்க்கும். 'ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்பதைவிட, 'கடந்த வாரத்தில் எத்தனை நாள் விடுபட்டது?' என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவற்றை நாளின் எந்த நேரத்திலும் உட்கொள்ளலாம். ஆகவே, சர்க்கரை நோய் மாத்திரையுடன் சேர்த்தே எடுத்துக்கொண்டால் மறதி குறையும். தொல்லை தொடர்ந்தால் அளவைக் குறைக்கவோ, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவோ, எசெட்டிமைப் போன்ற மருந்தைச் சேர்க்கவோ மருத்துவரால் முடியும். ஆசிய வம்சாவளியினரின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் அளவு கூடுதலாக இருப்பதால், அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

செலவும் தடையாக இருக்க வேண்டியதில்லை. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் அடோர்வாஸ்டாட்டின் இடம்பெற்றுள்ளது. மக்கள் மருந்தகங்களில் இது குறைந்த விலையில் கிடைக்கிறது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகளும், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களும், தீவிர கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளைச் சேர்த்து உட்கொள்வதும் ஆபத்தாகலாம். கடும் தசைவலியுடன் சிறுநீர் கரும்பழுப்பு நிறமாக மாறினால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2030-க்குள், 40 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளில் 60 சதவீதத்தினருக்கு ஸ்டாட்டின் கிடைக்க வேண்டும் என்று 2022-இல் உலக சுகாதாரப் பேரவை இலக்கு நிர்ணயித்தது. ஆனால், இந்தியா போன்ற குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் கொண்ட 41 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து அதே ஆண்டில் வெளியான ஆய்வில், முதல் மாரடைப்பைத் தடுப்பதற்காக ஸ்டாட்டின் தேவைப்பட்டோரில் அதை உட்கொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே.